ஆடி ஸ்டால் கணக்கு: 84 மணி நேரம், 2,550 ரூபாய். குரோஷா போடுகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

நூல்கண்டு
ஆகஸ்ட் 4, இரவு 11:10

வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஊர் கோவை, வடவள்ளிப் பக்கம். வீட்டில் அவர், எட்டு வயது மகள், மாமியார், நான். குரோஷாதான் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) என் தொழில் என்று சொல்ல ஆசை. மகளின் பள்ளிப் படிவத்தில் "தாயின் தொழில்" என்ற இடத்தில் இல்லத்தரசி என்றுதான் இருக்கிறது, நிரப்பியதும் நான்தான். போன சனி, ஞாயிறு ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிக் கண்காட்சி நடந்தது. அதில் ஸ்டால் போட்டேன். என்னுடைய நான்காவது ஸ்டால்.

முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் பணத்தைக் கட்டில்மேல் கொட்டி எண்ணுவேன், ஜி-பேயில் வந்ததைக் கூட்டுவேன், "பரவாயில்லையே" என்று படுத்துவிடுவேன். இந்த முறை ஜூன் மாதத்திலிருந்தே, எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் எடுத்த நேரம், வைத்த நேரம் இரண்டையும் மகளின் பழைய ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அதுதான் வினையாகிவிட்டது.

விற்றவை: கீ செயின் 14, தலா 150 (ஒன்றுக்கு 40 நிமிடம்). குழந்தைக் காலுறை 5 ஜோடி, தலா 450 (இரண்டரை மணி). மேசை நடுவில் விரிக்கும் டேபிள் ரன்னர் 2, தலா 1,200 (ஒன்பது மணி!). பொம்மை 3, இரண்டு யானையும் ஒரு முயலும், தலா 650 (நாலு மணி). வாசல் தோரணம் 3, தலா 850 (மூன்று மணி இருபது நிமிடம்). கடையைக் கட்டும் நேரத்தில் ஒரு ஹேர் கிளிப், 100. மொத்தம் 11,350.

செலவு: ஸ்டால் வாடகை 4,000. ஆட்டோ 900. சாப்பாடு, டீ 400. பை, அட்டை, ஸ்டிக்கர் 600. விற்ற பொருளில் போன நூல், பஞ்சு, மணி எல்லாம் 2,900. மிச்சம் 2,550.

விற்றதைப் பின்ன ஆனது 62 மணி நேரம். மண்டபத்தில் உட்கார்ந்தது 22. ஆக மணிக்கு 30 ரூபாய் சொச்சம். மண்டபத்தில் ஒரு காபி 25 ரூபாய்.

முதல் நாள் போணி ஆகும்போதே மணி பன்னிரண்டு. அதற்கு முன்னால் ஒரு அம்மா வந்து யானையை எடுத்தார், கவிழ்த்துப் பார்த்தார், காதை இழுத்தார், வயிற்றை அமுக்கினார், வீட்டுக்காரரிடம் காட்டினார், ஃபோனில் படம் எடுத்தார். "யூடியூப்ல இருக்கு, நானே போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தும்பிக்கை மடங்கிக் கிடக்கும்படி வைத்துவிட்டுப் போனார். போகட்டும். ஆடித் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்காதவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. பட்டுச்சேலைக்குக் கேட்கலாம். என் விரலுக்கு என்ன ஆடி?

எதிர் ஸ்டாலில் ஊறுகாய். அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

நீங்களெல்லாம் போட்ட காசையாவது எடுக்கிறீர்களா? நேரத்தைக் கணக்கில் சேர்க்கிறீர்களா?

அம்பத்தூர் அம்மு
ஆகஸ்ட் 5, காலை 6:45

முதலில் அந்த ரஃப் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து வருடமாகப் போடுகிறேன், ஒரு நாளும் நேரத்தை எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் முதல் மாதமே ஊசியைத் தூக்கி எறிந்திருப்பேன். அந்த நேரத்தில் நாம் வேறு என்ன செய்திருக்கப் போகிறோம்? சீரியல்தானே பார்த்திருப்போம்? சீரியல் பார்த்துக்கொண்டே போட்டதற்குக் கூலி கேட்டால் எப்படி?

ஆனால் மண்டபத்துக்குப் போனது தப்பு. ஆடியில் ஜனம் தள்ளுபடிக்குத்தான் வரும். நான் கண்காட்சிக்குப் போவதை விட்டு நாலு வருடம் ஆகிறது. எங்களுக்கு சீசன் நவராத்திரி. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க நாற்பது, ஐம்பது என்று மொத்தமாகக் கேட்பார்கள். சின்னப் பை, குங்குமச்சிமிழ் உறை, கோஸ்டர். ஆவணிக்குள் ஆர்டர் பிடித்துவிட வேண்டும், புரட்டாசியில் வந்து கேட்பவரிடம் "அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட வேண்டும். பிளாட் அசோசியேஷனில் ஒரு டேபிள் கொடுப்பார்கள், வாடகை முந்நூறு, ஐந்நூறுதான். ஆட்டோ கிடையாது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

பொம்மையை விட்டுவிடுங்கள். பொம்மை நமக்குப் பிடித்தது. வாங்குகிறவர்களுக்குப் பிடித்தது தோரணம்.

பல்லடத்துக்காரி
ஆகஸ்ட் 5, காலை 9:30

அம்மு அக்கா மன்னிக்கவும், அந்த நோட்டுதான் இங்கே உருப்படியான பொருளே.

அவர் எழுதியதை வைத்தே போட்டுப் பார்த்தேன். நூல் விலை கழிக்காமல், தோரணத்தில் மணிக்கு 255 ரூபாய் வருகிறது. கீ செயினில் 225. காலுறையில் 180. பொம்மையில் 162. டேபிள் ரன்னரில் 133. அந்த இரண்டு ரன்னருக்குப் போன 18 மணி நேரத்தில் ஐந்து தோரணம் முடித்து 4,250 பார்த்திருக்கலாம். ரன்னரில் வந்தது 2,400. நோட்டு இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரியும்? நாமெல்லாம் 1,200 ரூபாய்க்கு விற்றதைப் பெரிய விற்பனை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது நூல். 50 கிராம், 100 கிராம் உருண்டையாக ரீடெயிலில் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அப்படி வாங்குவது ஆற்றங்கரையில் இருந்துகொண்டு பாட்டில் தண்ணீர் வாங்குவது மாதிரி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் காட்டன் நூலில் சாயம் போட்ட கோன் (கூம்பில் சுற்றிய நூல்) மிச்சமாகும். அதை எடுத்து கிலோ கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். என் நூல் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: கவுண்ட் என்று சொல்வார்கள். 20 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் 20 இருக்கிறது என்று கணக்கு. 40 என்றால் 40 சிட்டம். அதனால் எண் ஏற ஏற நூல் மெலிசு. பனியன் நூல் ஒற்றை இழையாகக் குரோஷாவுக்கு ஆகாது. நான் 20 கவுண்டை 12 இழை சேர்த்து உருண்டையாகச் சுற்றி 3 மி.மீ. ஊசியில் போடுகிறேன். இழைகளுக்குள் முறுக்கு இருக்காது, அதனால் ஆரம்பத்தில் ஊசி முனை பாதி இழையை விட்டுவிட்டு மீதியை மட்டும் இழுத்துவரும். நாலு நாளில் கை பழகிவிடும்.

இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, லாட் மாறினால் அதே சிவப்பு கிடைக்காது. ஐம்பது தோரணம் போட நினைத்தால் ஐம்பதுக்கும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். இரண்டு, ஒரு கோனைப் பன்னிரண்டு குட்டிப் பந்தாகப் பிரித்து மறுபடி சேர்த்துச் சுற்ற அரை நாள் போகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டி
ஆகஸ்ட் 5, பகல் 1:15

கணவர்கள் பேசலாமா? சேலம். என் மனைவி மேக்ரமேவும் (கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் செய்வது) குரோஷாவும் போடுகிறாள், எனக்கு ஒரு சங்கிலிக் கண்ணிகூடப் போடத் தெரியாது. ஸ்டால் அன்று மூட்டை தூக்குவது, கல்லாவில் உட்காருவது என் வேலை.

நாலைந்து கண்காட்சியில் கவனித்ததைச் சொல்கிறேன். அவள் உட்கார்ந்திருந்தால் "எவ்வளவு கம்மி பண்ணுவீங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்தால் விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள், வாங்குகிறவர் வாங்குகிறார், போகிறவர் போகிறார். பொருள் ஒன்று, விலை ஒன்று, டேபிள் ஒன்று. ஒருவர் அவள் பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "மேடம் டைம் பாஸுக்குப் போடறாங்களா?" என்று கேட்டார். அவள் தலையைத் தூக்காமல், "இல்லீங்க, இவர்தான் டைம் பாஸுக்கு வந்திருக்கார்" என்றாள்.

அப்புறம் ஒன்று. டேபிளில் பரப்பி வைக்காதீர்கள், கண் மட்டத்தில் தொங்கவிடுங்கள். துணி உலர்த்தும் மடக்கு ஸ்டாண்ட் போதும். கிளிப் லைட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நீங்களே கொண்டுபோங்கள். மண்டப ட்யூப்லைட்டில் பஞ்சு மிட்டாய் கலர்கூட பழைய துணி மாதிரி தெரியும். முக்கியமாக, ஸ்டாலில் சும்மா உட்காராமல் பின்னிக்கொண்டே இருங்கள். எங்கள் அனுபவத்தில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டாலைத் தாண்டிப் போகிற ஜனம், கை ஆடுகிற ஸ்டாலில் நின்றுவிடுகிறது.

நூல்கண்டு
ஆகஸ்ட் 5, இரவு 10:50

இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. இப்போதுதான் சமையலறையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

பல்லடம், உங்கள் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டு ரன்னரை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். போட ரொம்பப் பிடிக்கும் அது. பைன்ஆப்பிள் டிசைன் ஒவ்வொரு வரிசையாக விரிந்து வரும்போது கோலம் போடுகிற மாதிரி இருக்கும். பிடித்ததெல்லாம் விற்குமா, என்ன.

அம்மு அக்கா, சீரியல் என்கிறீர்களே, அந்த 62 மணி நேரம் ஒரே மூச்சில் கிடைத்தது இல்லை. நோட்டைப் பார்த்தால் 12 நிமிடம், 20 நிமிடம், 7 நிமிடம் என்று கிழிந்து கிழிந்துதான் இருக்கிறது. குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் ஒன்று. ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போது ஒன்று.

எழுதாத நேரமும் இருக்கிறது. கண்காட்சிக்கு முந்தைய இரவு ஒன்பதரைக்கு மகள் வந்து, "அம்மா, திங்கட்கிழமை சூரியக் குடும்பம் கொண்டுபோகணும்" என்றாள். எப்போது சொன்னார்கள் என்றால் போன வாரமாம். இனி எந்தக் கடைக்குப் போய்த் தெர்மோகோல் உருண்டை வாங்குவது? காது, தும்பிக்கை தைக்காத யானைத் தலைகள் ஆறு டப்பாவில் கிடந்தன, எல்லாம் சாம்பல் கலர். அவற்றையும் இரண்டு முயல் தலைகளையும் எடுத்து எட்டுக் கோளாக்கினோம். சனிக்கு வளையம் வேண்டுமே என்று நடு இரவில் 60 சங்கிலி போட்டு ஒரு சுற்று சுற்றினேன். டீச்சர் "வெரி குட்" போட்டிருக்கிறார். எட்டுத் தலை போச்சு, மண்டபத்தில் பொம்மை குறைந்துபோனது. இதை நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மாமியாரிடம் கணக்கைச் சொன்னேன். "அறுபத்திரண்டு மணி நேரத்துல எவ்வளவு முறுக்கு சுட்டிருக்கலாம்" என்றார். ஊறுகாய் ஸ்டாலைப் பார்த்துவிட்டு வந்த எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வலது கட்டைவிரல் அடியில் குத்துகிறது. யாருக்காவது இப்படி உண்டா?

கொக்கி ஊசி
ஆகஸ்ட் 6, காலை 7:20

உண்டு. ஜாடி மூடி திறக்க முடியாமல் போனபிறகுதான் டாக்டரிடம் போனேன். டிகெர்வேன் என்றார், கட்டைவிரல் நரம்போ என்று பயந்தேன், தசைநாண் உறையில் வீக்கமாம். பல வாரம் விரல் அசையாமல் ஸ்ப்ளின்ட் பட்டை கட்டிக்கொண்டு இருந்தேன். அலுமினிய ஊசியை விட்டுத் தடித்த ரப்பர் பிடி உள்ளதற்கு மாறினேன், பேனா மாதிரி பிடித்ததைக் கத்தி மாதிரி பிடிக்கப் பழகினேன். குத்தல் போகாவிட்டால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். கண்காட்சி முடியட்டும் என்று நானும் நினைத்தேன். அதற்குள் அடுத்த கண்காட்சி வந்துவிட்டது.

ஈஸ்ட்ஹாம் அக்கா
ஆகஸ்ட் 6, மாலை 4:05

தங்கச்சி, லண்டனிலிருந்து. ஊர் யாழ்ப்பாணம். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல். குளிர் நாடு என்பதால் எனக்குத் தொப்பியும் ஸ்கார்ஃபும்தான் சோறு போடுவது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை சேர்ச் மண்டபம், பள்ளிக்கூட மண்டபம் என்று சனிக்கிழமை தோறும் ஒரு சந்தை. மிச்ச மாதமெல்லாம் அதற்காகப் பின்னுவதுதான்.

மேசைக் காசு இங்கேயும் உண்டு. அதோடு பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கோ என்று கனக்க இடங்களில் கேட்பார்கள். உங்கள் மேசை விழுந்து ஒருவர் கால் முறிந்தால் யார் காசு கட்டுவது என்ற கதை.

பொம்மை விற்பதென்றால் இன்னும் பெரிய கதை. சி.ஈ. அல்லது யு.கே.சி.ஏ. என்ற பாதுகாப்புக் குறி இல்லாமல் விற்க ஏலாது. வீட்டில் செய்கிறவர்கள் தாங்களே சோதித்து, கோப்பு எழுதி வைக்கலாம். கண் கழன்று வருகுதோ என்று இழுத்துப் பார்க்க வேண்டும், தீ எவ்வளவு வேகமாய்ப் பரவுது என்று கொளுத்தியும் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரம் பின்னின முயலைப் பின்வளவில் வைத்துக் கொளுத்தினேன். என்ரை பெடியன் அழுது தீர்த்துவிட்டான். அதற்குப் பிறகு தொப்பி மட்டும்தான்.

இன்னொன்று, பேட்டர்ன் (பின்னுகிற முறை எழுதின குறிப்பு) பார்க்கும்போது எந்த நாட்டுது என்று பாருங்கோ. பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே என்கிற கண்ணி அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள். அதைக் கவனிக்காமல் ஒரு வயசுப் பிள்ளைக்குப் போட்ட சட்டை எனக்கு மூன்று வயசுக்கு வந்தது.

நூல்கண்டு
ஆகஸ்ட் 6, மாலை 6:30

அக்கா, அந்த முயலுக்காக இங்கே என் மகளும் ஒரு நிமிடம் அழுதாள். நம் ஊரில் பொம்மைக்கு அப்படி எதுவும் இல்லையே?

சட்டப்படி
ஆகஸ்ட் 6, இரவு 9:00

இருக்கிறது. 2020-ல் மத்திய அரசு பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்குத்தான் அந்த விலக்கு. அந்தப் பதிவுக்குக் கொடுப்பதுதான் பெஹ்சான் அட்டை. "நான் வீட்டில் செய்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. யானையும் முயலும் விற்கிறவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். "அலங்காரத்துக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டித் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காது நீண்ட முயலை எந்தக் குழந்தை அலங்காரமாகப் பார்க்கும்?

அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். நூலிலேயே கண் தைத்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வரி: தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளங்களில் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் முதல் கட்டாயப் பதிவு நீங்கிவிட்டது. வெளிமாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தோவாளை
ஆகஸ்ட் 8, காலை 11:40

நான் குரோஷா போடுகிறவள் இல்லை. என் பாட்டி நாகர்கோவில் பக்கம் லேஸ் போட்டவர். தலையணை மேல் ஊசி குத்தி, மரக் கட்டைகளை மாற்றி மாற்றி வீசிப் போடுவார்களே, அந்த லேஸ். 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கியது. அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம். லேஸ் போட்ட காசில் தங்கள் விடுதலையையே வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்லும். நூலுக்கு அப்படியும் ஒரு காலம் இருந்தது.

ஆனால் பாட்டி காலத்தில் அது "சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை" ஆகிவிட்டது. கெஜத்துக்கு இவ்வளவு என்று கூலி. திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போடுவார், வாங்க வருகிறவர் அளவுக்கோலை வைத்து அளந்து, கடைசி இரண்டு விரற்கடையை "இது கணக்கில்ல" என்று விட்டுவிடுவார். அந்த இரண்டு விரற்கடையைப் பற்றிப் பாட்டி சாகும்வரை பேசினார்.

அம்மு அக்கா சீரியல் என்று சொன்னதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பக்கம் நரசாப்பூர் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குரோஷா லேஸ் போட்டார்கள், அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1982-ல் வந்தது. அவர் சொன்னது இது: அந்தப் பெண்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் போடுகிறார்கள் என்று எல்லோரும், அந்தப் பெண்களே கூட, சொல்லிக்கொண்டதால்தான் வியாபாரிகளால் அவ்வளவு குறைந்த கூலி கொடுக்க முடிந்தது. வியாபாரிகள் எல்லாம் ஆண்கள்.

ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. குரோஷாவை நாம் போடுகிற மாதிரி அப்படியே போட்டுத் தள்ளுகிற மெஷின் இன்னும் ஃபாக்டரிகளுக்கு வரவில்லை. அதனால் கடையில் 200 ரூபாய்க்கு ஒரு குரோஷா டாப் தொங்கினாலும் அதையும் எங்கேயோ ஒருத்தி கையால்தான் போட்டிருப்பாள். அவள் நோட்டில் மணிக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நூல்கண்டு, விலைச்சீட்டில் விலையோடு நேரத்தையும் எழுதிப் பாருங்களேன். "850 ரூபாய். 3 மணி 20 நிமிடம்."

அம்பத்தூர் அம்மு
ஆகஸ்ட் 8, மாலை 5:25

தோவாளை, உங்கள் பாட்டி கதை மனசில் நின்றுவிட்டது. சீரியல் பேச்சை வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும். மீதிப் பாதி என்னவென்றால், எனக்கு உண்மையிலேயே அந்த நேரம் ஓய்வுதான். வீட்டில் யாரும் என்னை எழுப்பாத ஒரே இடம் நூல் உருண்டை மடியில் இருக்கிற இடம். "அம்மா எண்ணிட்டிருக்கா, பேசாத" என்று பிள்ளைகளே சொல்லும். அதற்கு மணிக் கணக்கு போட்டால் அதுவும் ஒரு வேலையாகிவிடுமோ என்று பயம்.

சீட்டில் நேரம் எழுதுவது மட்டும் வேண்டாம். வாங்குகிறவர் பாவப்பட்டா வாங்க வேண்டும்? கல்யாண வீட்டுச் சமையல்காரர் இலையில் நேரம் எழுதியா பரிமாறுகிறார்?

பல்லடத்துக்காரி
ஆகஸ்ட் 8, மாலை 6:10

சமையல்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைப்பார் அக்கா. :)

நூல்கண்டு
அக்டோபர் நடுவில், ஒரு இரவு

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் கணக்கு சொல்ல வேண்டும் அல்லவா?

ஆடிக்குப் பிறகு மண்டபக் கண்காட்சி ஒன்றும் போகவில்லை, இரண்டு இடத்தில் கூப்பிட்டும். பெஹ்சான் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வரும்வரை யானைகளுக்கு ஓய்வு. பல்லடம் சொன்ன வழியில் திருப்பூர் போய்ச் சிவப்பு, மஞ்சள், இலைப்பச்சை மூன்று கோன் எடுத்து வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து சீட்டு அம்மா, "கோவில் கயிறுக்கா?" என்றார்.

நவராத்திரியில் எங்கள் பிளாட்டிலேயே ஒரு நாள் விற்பனை. டேபிள் வாடகை 500. தோரணத்தை 950 ஆக்கினேன், ஆறு விற்றது. கீ செயின் 12, கிளிப் 4. மொத்தம் 7,900. பொருள் செலவு 1,700. மிச்சம் 5,700. பின்னியது 29 மணி, உட்கார்ந்தது 6. மணிக்கு 160-க்கு மேலே. கொக்கி ஊசி சொன்ன ரப்பர் பிடிக்கு மாறியபிறகு விரலும் பரவாயில்லை.

சீட்டில் நேரம் எழுதினேன், அம்மு அக்கா கோபித்துக்கொள்ளாதீர்கள். காலேஜ் பெண் ஒருத்தி படித்துவிட்டு, "மூணு மணி நேரமா? ஃபோனே பாக்காமலா?" என்றாள். மூன்றாவது மாடி மாமா, "அவ்வளவு ஸ்லோவாவா போடுவீங்க?" என்று கேட்டார். ஒருவரும் பாவப்படவில்லை. ஆனால் விலை குறைக்கச் சொல்லி ஒரே ஒருவர்தான் கேட்டார்.

அந்தச் சீட்டால் வீட்டில்தான் வம்பு வந்தது. மூன்று கோனையும் பிரித்துப் பன்னிரண்டு இழையாகச் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தது மாமியார். மூன்று சாயங்காலம், கூட்டினால் ஐந்து மணி நேரம் இருக்கும், சீரியல் பார்த்துக்கொண்டேதான். விற்பனை முடிந்து மிஞ்சிய தோரணத்தை மடித்து வைக்கும்போது சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இதுல நான் சுத்தின நேரம் எங்க?" என்றார்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். இல்லை. எழுதவே இல்லை.

மகள் கால்குலேட்டரை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள். 35 மணியோடு ஐந்தைச் சேர்த்து 40, 5,700-ஐ நாற்பதால் வகுத்து ஐந்தால் பெருக்கி, "எழுநூத்திப் பன்னெண்டு ரூபா அம்பது காசு, பாட்டி" என்றாள். கையிலிருந்த பணத்தில் எழுநூறு எடுத்துக் கொடுத்தேன். மாமியார் வாங்கி, ஒவ்வொரு தாளாக எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். சமையலறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "பன்னெண்டு அம்பது?" என்றார்.